200 ஆம்ப் இன்வர்ட்டர் வெல்டிங் மெஷின்: டிராக்டருக்கு பம்பர் அடிச்சுப் பார்த்துட்டு எழுதறேன்

மொதல்ல முடிவைச் சொல்லிடறேன், பொறுமை இருக்கறவங்க மிச்சத்தைப் படிங்க. ஆறாயிரத்துச் சொச்சம் குடுத்து வாங்குன சிங்கிள் பேஸ் இன்வர்ட்டர் ஆர்க் வெல்டிங் மெஷின், நெத்தியில 200 ஆம்ப்னு பெருசா எழுதியிருக்கும், அதை வெச்சு எங்க டிராக்டருக்கு முன்னாடி பைப் பம்பர் அடிச்சு மாட்டியாச்சு, பம்பர் கல்லு மாதிரி நிக்குது, மெஷினும் நல்லாத்தான் ஓடுது. ஆனா மெஷினோட சேர்த்து டப்பாக்குள்ள குடுத்தாங்களே வயரு, கிளாம்ப்பு, கண்ணாடி, அதுல ஒண்ணுகூட உருப்படி இல்லீங்க. மெஷினுக்கு அஞ்சுல நாலு மார்க் போடலாம், கூட வந்த சாமானுக்கு ஒண்ணு போடறதே தாராளம்.

பேரு என்னன்னு கேப்பீங்க. சொல்லி பிரயோஜனம் இல்ல, ஏன்னா இந்த விலையில வர்ற பெட்டியெல்லாம் பாதிக்கு மேல உள்ள இருக்கற போர்டு ஒண்ணாவே இருக்கும், வெளிய பெயிண்ட்டும் ஸ்டிக்கரும்தான் மாறும், செவப்புல ஒரு பேரு, மஞ்சள்ல ஒரு பேரு. கோயம்புத்தூர் நஞ்சப்பா ரோட்டுப் பக்கம் நாலு கடை ஏறி இறங்கினீங்கன்னா உங்களுக்கே புரியும். அதனால பேரைப் பார்க்காம எதை எதைப் பார்த்து வாங்கணும்னு சொல்றேன், அதுதான் உபயோகம்.

பம்பர் எதுக்குன்னா, நமக்கு பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. ரெண்டு வரிசை மரத்துக்கு நடுவுல டிராக்டரைத் திருப்பும்போது மூக்கு எங்கயாவது ஒரசத்தான் செய்யும், அதுக்கு மேல கீழ கெடக்கற மட்டை சக்கரத்துல மாட்டி நட்டமா எந்திரிச்சு வந்து நேரா முன்னாடி ஜாலியில குத்தும், அந்த ஜாலிக்குப் பின்னாடிதான் ரேடியேட்டர் இருக்கு. ரெடிமேட் பம்பர் கெடைக்குது, கெடைக்காம இல்ல, ஆனா எங்க வண்டிக்குச் சொன்ன விலைக்கு மெஷினையே வாங்கிரலாம் போல இருந்துச்சு. தோப்புல கேட்டு, மாட்டுக் கொட்டாய், தண்ணித் தொட்டி ஸ்டாண்டுனு எப்பவும் ஏதாவது ஒடைஞ்சுகிட்டே இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு நம்மகிட்டயே ஒண்ணு இருக்கட்டும்னு வாங்கினது.

சரி, டப்பா. மெஷின் எடை ஆறு கிலோ சொச்சம் இருக்கும், தோள்ல மாட்டிட்டு நடக்கலாம், பழைய ஆயில் கூலிங் டிரான்ஸ்பார்மரை நாலு பேரு சேர்ந்து நகர்த்துனவங்களுக்குத்தான் இந்த அருமை தெரியும். முன்னாடி ஒரு திருகு, ஒரு டிஸ்ப்ளே, பிளஸ் மைனஸ் ரெண்டு சாக்கெட்டு, அவ்வளவுதான். ஹாட் ஸ்டார்ட் (ஆரம்பிக்கும்போது கரண்ட்டைக் கூட்டறது), ஆர்க் போர்ஸ் (ராடு ரொம்பக் கிட்டப் போனா கரண்ட்டைக் கூட்டறது), ஆன்ட்டி ஸ்டிக் மூணும் உள்ளயே இருக்குன்னு போட்டிருக்கு, அதுல ஆன்ட்டி ஸ்டிக் நெசமாவே வேலை செய்யுது, ராடு, அதாவது உருகி வெல்டா விழற குச்சி, ஒட்டிக்கிச்சுன்னா கரண்ட்டைத் தானா எறக்கிக்குது, செவக்கறதுக்குள்ள ஆட்டி எடுத்துரலாம். புதுசா கத்துக்கறவங்களுக்கு இது ஒண்ணே பெரிய விஷயம்.

கூட வந்த வயரு கதையைக் கேளுங்க. ஹோல்டர் வயரு ரெண்டு மீட்டர்கூட இல்ல, மேல ரப்பரு தடியா இருக்கு, நுனியை சீவிப் பார்த்தா உள்ள கம்பி சன்னமா அலுமினியத்துக்கு செம்பு முலாம் பூசுனது. நாலு ராடு தொடர்ந்து எரிச்சா வயரு கையில சூடு தெரியுது. எர்த் கிளாம்ப்பு தகரத்துல செஞ்சது, ஸ்பிரிங் பலமே இல்ல, பைப்பை சும்மா தொட்டுக்கிட்டு நிக்கும், புடிக்காது. எர்த்து சரியாப் புடிக்கலைன்னா ஆர்க் (ராடு நுனியில எரியற மின்பொறி) வெட்டி வெட்டி வரும், வாங்கினவன் மெஷின்தான் கோளாறுன்னு திருப்பி அனுப்புவான், அதுதான் ஆன்லைன்ல பாதிப் பேரு ஒரு ஸ்டார் போட்டு எழுதியிருக்கறதுக்குக் காரணம்னு எனக்குத் தோணுது. பித்தளை கிளாம்ப்பு ஒண்ணும், 16 ஸ்கொயர் எம்எம் நெஜ காப்பர் கேபிள் ரெண்டு பக்கத்துக்கும் தேவையான நீளத்துக்கும் வாங்கி மாத்துங்க, மெஷினே வேற மாதிரி ஆயிரும். முழு 200ல ஓட்டறதா இருந்தா 25 ஸ்கொயர் எம்எம் போடணும், ஆனா நீங்க ஓட்ட மாட்டீங்க, அது ஏன்னு கீழ வரும்.

கையில புடிக்கற பிளாஸ்டிக் முகமூடியை நேரா பழைய சாமானுக்குப் போட்டுருங்க. ஒரு கை அதுலயே போயிருச்சுன்னா பைப்பை யாரு புடிக்கறது. ஆட்டோ டார்க் ஹெல்மெட் ஆயிரத்துச் சொச்சத்துல இருந்து கெடைக்குது, ஷேடு (கண்ணாடி எவ்வளவு கறுக்கணும்ங்கற அளவு) 9ல இருந்து 13 வரை திருகிக்கற மாதிரி வரும், இந்த வேலைக்கு 10 இல்ல 11ல வெச்சா போதும். அதைப் போட்டா ராடு நுனி எங்க நிக்குதுன்னு ஆர்க் அடிக்கறதுக்கு முன்னாடியே தெரியும், அதுலயே பாதி வெல்டு நேராயிரும்.

கரண்ட்டு. ஊருக்குள்ள இருக்கறவங்களுக்குத்தான் இது முக்கியம். 80, 90 ஆம்ப்ல வெல்டு ஓடும்போது மெஷின் வீட்டு லைன்ல இருந்து 15 ஆம்ப் பக்கத்துல இழுக்கும், அதனால 6 ஆம்ப் பிளக்குல சொருகி பிரயோஜனமே இல்ல, ஏசிக்குப் போடறமே அந்த பெரிய 16 ஆம்ப் பிளக்கு, அதுக்கு நேரா எம்சிபி, இதுதான் வேணும். எங்க வீட்டுல இருந்து ஷெட்டு தூரம், எக்ஸ்டென்ஷன் போட்டுத்தான் ஆகணும், இங்கதான் நெறைய பேரு மெஷினைத் திட்டறாங்க. 30 மீட்டருக்கு 1 ஸ்கொயர் எம்எம் வயரை இழுத்தீங்கன்னா 15 ஆம்ப் போகும்போது 16 வோல்ட்டு வயர்லயே போயிரும், 2.5 ஸ்கொயர் எம்எம் போட்டா ஏழு வோல்ட்டோட நின்னுரும். ஏற்கனவே பக்கத்துத் தோட்டத்து மோட்டாரெல்லாம் ஓடற நேரத்துல லைன்ல 180, 190தான் வருது, அதுல இருந்து இன்னொரு பதினாறு போனா ஆர்க் எப்படி நிக்கும். வயரை சுருட்டி வெச்சுக்கிட்டு ஓட்டாதீங்க, முழுசா பிரிச்சு விடுங்க, சுருள் சூடாகி உருகிரும்.

வாங்கும்போது டப்பா பின்னாடி இன்புட் வோல்டேஜ் எவ்வளவு வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கும், 160ல இருந்து தாங்கற மாதிரி இருந்தா கிராமத்துக்கு வாங்கலாம். நான் சொல்ற மெஷின் அந்த விஷயத்துல பாஸு, 185ல கூட 12 கேஜ் (இரண்டரை எம்எம்) ராடு சுகமா எரியுது.

இப்ப பைப்பு. இரும்புக்கடையில போயி ஒண்ணரை இஞ்சு பைப்புன்னு கேட்டா வெளி விட்டம் 48.3 எம்எம் உள்ளதைத் தருவாங்க, அதுல ஏ கிளாஸ் 2.9 எம்எம் கனம், பி கிளாஸ் 3.2, சி கிளாஸ் 4. மஞ்சள் பட்டை, நீலப் பட்டை, செவப்புப் பட்டைன்னு அடையாளம் இருக்கும். பம்பருக்கு நீலப் பட்டை, பி கிளாஸ் போதும், மீட்டருக்கு மூணரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல நிக்கும், ஒரு முழு 20 அடி நீளம் கிட்டத்தட்ட 22 கிலோ. டிராக்டருக்கு முன்னாடி எடை ஏறுனா நல்லதுதான், பின்னாடி கொத்துக்கலப்பையைத் தூக்கும்போது மூக்கு லேசாகாம இருக்கும். பர்னிச்சருக்குப் போடற 1.6 எம்எம் ஸ்கொயர் ட்யூப்பை விலை கம்மின்னு எடுத்துட்டு வராதீங்க, ஸ்டிக் வெல்டிங்ல ஓட்டை விழுந்துகிட்டே இருக்கும், அதை அடைக்கறதுக்குள்ள ராடு பாக்கெட்டு காலி ஆயிரும்.

கடைக்காரரு ‘ஜிஐ பைப்பு எடுத்துக்குங்க தம்பி, துருவே புடிக்காது’ன்னு ஆசை காட்டுவாரு. வேண்டாம். அதுமேல இருக்கற துத்தநாகம் 907 டிகிரியிலயே கொதிச்சு வெள்ளைப் புகையா வந்துரும், இரும்பு உருகறதுக்கு 1500 டிகிரி பக்கம் வேணும், அப்ப இரும்பு உருகற இடத்துல புகையைத் தவிர்க்கவே முடியாது. அதை மூச்சுல இழுத்தா சாயங்காலம் குளிரு காய்ச்சல் கணக்கா ஒடம்பு தூக்கிப் போடும். பட்டறைக்காரங்க சிலரு பால் குடிச்சா சரியாப் போயிரும்பாங்க, அதெல்லாம் ஒண்ணும் இல்ல, மேல் பூச்சை கிரைண்டர்ல சுத்தமா எடுத்துட்டு காத்தோட்டத்துல வேலை செய்யறதுதான் வழி. பேசாம துத்தநாகம் பூசாத கருப்பு எம்எஸ் (சாதா இரும்பு) பைப்பே வாங்கிருங்க.

பைப்போட பைப்பு சேர்ற இடத்துக்கு நுனியை மீன் வாய் மாதிரி வளைவா வெட்டணும், இதுதான் மொத்த வேலையிலயும் நிதானமா செய்ய வேண்டியது, வெல்டிங்கைவிட இதுக்குத்தான் நேரம் ஆச்சு. பைப்பைச் சுத்தி ஒரு பேப்பரைச் சுத்தினா 15 சென்டிமீட்டர் சொச்சம் வரும், அதை நாலா மடிச்சு நாலு கோடு போட்டுக்கணும், எதிரெதிர் ரெண்டு கோட்டுல நுனி அப்படியே நிக்கணும், மத்த ரெண்டு கோட்டுல 24 எம்எம் உள்ள எறங்கணும், அதாவது விட்டத்துல பாதி. மொதல்ல வி மாதிரி ரெண்டு பக்கமும் வெட்டிட்டு அப்புறம் கிரைண்டிங் வீல்ல வளைவைத் தேய்ச்சு, இன்னொரு பைப்பு மேல வெச்சு வெச்சுப் பார்த்து, திரும்பத் தேய்ச்சு, வெளிச்சம் தெரியாத அளவுக்குக் கொண்டு வரணும். இடைவெளி 1 எம்எம்குள்ள இருந்தா இந்த மெஷின்ல வெல்டு அப்படி ஒரு அழகா விழும், மூணு எம்எம் விட்டுட்டு ராடை ஊத்தி அடைச்சுக்கலாம்னு நெனைச்சா மெஷின் என்ன பண்ணும் பாவம்.

ராடு 6013 (சாதா இரும்புக்குப் போடற வகை), 12 கேஜ். அடார் கம்பெனி ராடு எடுத்தேன், பழைய வெல்டருங்க இன்னும் அத்வானி ராடுன்னுதான் கேப்பாங்க, பழைய கம்பெனிப் பேரு அது. நல்லா எரியுது. மழை காலத்துல பிரிச்ச பாக்கெட்டை அப்படியே போட்டு வெக்காதீங்க, ஈரம் ஏறுனா வெல்டுல சின்னச் சின்ன துளையா வரும், நல்ல வெயில்ல காய வெச்சுட்டு எடுங்க.

ஆம்ப் செட்டிங் பத்திச் சொல்றேன். 60ல வெச்சா ராடு நடுங்குது, வெல்டு பைப்பு மேல உருண்டையா உக்காருது, உள்ள எறங்கல, எங்க ஊரு வெல்டர் அண்ணன் அதைப் பார்த்துட்டு ‘என்ன தம்பி காக்கா எச்சம் போட்டிருக்கு’ன்னாரு. 75, 80க்கு ஏத்தினதும் சத்தமே மாறிரும், வெட்டு வெட்டா இல்லாம ஒரே சீரா சரசரன்னு வரும், ராடு நுனிக்குப் பின்னாடி ஆரஞ்சுக் கலர்ல ஒரு சின்ன குளம், அதுக்கு மேல கொஞ்சம் மங்கலா கசடு (ராடோட மேல் பூச்சு உருகினது) மிதந்துகிட்டே பின்னாடி வரும், கண்ணு அந்தக் குளத்தோட முன் விளிம்புலயே இருக்கணும், வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது. கசடு முந்திட்டு முன்னாடி ஓடி வந்துச்சுன்னா ராடைக் கொஞ்சம் சாய்ச்சு, ஆர்க் நீளத்தைக் கொறைச்சு, நடையை வேகப்படுத்தணும், இல்லைன்னா அது உள்ளயே மாட்டிக்கும், மேல பார்க்க நல்லா இருக்கும், தட்டுனா விரிசல் விடும். சரியா ஓடுன வெல்டுல ஆற ஆற கசடு தானா ஓரத்துல எந்திரிச்சு டிக்குனு தெறிச்சு விழும், சுத்தியலே வேண்டாம், ஆனா அது சூடா நேரா மூஞ்சிக்கு வரும், ஹெல்மெட்டைத் தூக்கிட்டு குனிஞ்சு பார்க்காதீங்க. 95க்கு மேல போனா ஓரத்துல பள்ளம் பறிக்க ஆரம்பிக்குது, வளைவுல சில இடத்துல ஓட்டையே விழும்.

அப்ப 200 ஆம்ப் எதுக்கு? அதுதான் விஷயம். இந்த மாதிரி பைப் வேலைக்கு நீங்க 100ஐத் தாண்டவே போறதில்ல. 8 எம்எம் பிளேட்டுக்கு 10 கேஜ் (இதைவிடத் தடியான) ராடு போட்டப்ப 115 வரை வெச்சேன், அதுதான் உச்சம். எலக்ட்ரீஷியன் ஃப்ரெண்டு ஒருத்தன் டிசி படிக்கற கிளாம்ப் மீட்டர் கொண்டு வந்து (சாதா டாங் டெஸ்டர் டிசியைப் படிக்காது) வெச்சுப் பார்த்தான், டிஸ்ப்ளேல 120னு காட்டும்போது மீட்டர்ல 105 பக்கம்தான். திருகை முழுசா திருப்பினா 200ஐ எல்லாம் தொடவே இல்ல. நெத்தியில எழுதினது பொய்தான், ஆனா நமக்குத் தேவையான இடத்துல குறையே இல்ல, அதனால நான் சண்டைக்குப் போகல. வாங்கறவங்க 200க்கும் 250க்கும் நடுவுல கெடந்து யோசிக்காம அந்தக் காசை கேபிளுக்குப் போடுங்க.

டியூட்டி சைக்கிள் 60 சதவீதம்னு போட்டிருக்கு, பத்து நிமிஷத்துல ஆறு நிமிஷம் எரிக்கலாம், நாலு நிமிஷம் விடணும்னு அர்த்தம். 80 ஆம்ப்ல நமக்கு ராடு மாத்தறது, கசடு தட்டறது, டீ குடிக்கறதுலயே அந்த நேரம் ஓடிரும், ஒரு தடவைகூட கட் ஆகல. 10 கேஜ் ராடை தகர ஷெட்டுக்கு அடியில, சித்திரை வெயில்ல விடாம எரிச்சப்ப மட்டும் மஞ்சள் லைட்டு எரிஞ்சு நின்னுருச்சு, ஃபேன் ஓடிகிட்டே இருந்துச்சு, கொஞ்ச நேரத்துல தானா வந்துருச்சு.

மொதல்ல எல்லாத்தையும் டேக் (சின்னப் புள்ளி வெல்டு) மட்டும் போட்டு நிறுத்துங்க, எதிரெதிர்ப் பக்கமா நாலு இடத்துல. ஒரு பக்கம் முழுசா வெல்டு போட்டீங்கன்னா ஆறும்போது அந்தப் பக்கமா பைப்பை இழுத்துரும், அப்புறம் போல்ட்டு ஓட்டை சேராது. இன்னொண்ணு, ரெண்டு பக்கமும் மூடுன பைப்புக்கு அடியில எங்கயாவது 4 எம்எம் ஓட்டை ஒண்ணு போட்டுட்டுத்தான் கடைசி வெல்டை மூடணும். உள்ள இருக்கற காத்து சூட்டுல விரிஞ்சு வெளிய வர வழி இல்லாம, கடைசித் துளியை மூடும்போது பிசுக்குன்னு உருகின இரும்பை மூஞ்சியில துப்பும், எத்தனை தடவை அடைச்சாலும் ஊசி ஓட்டை நிக்கும். அந்த ஓட்டை பின்னாடி மழைத் தண்ணி வடியறதுக்கும் ஆகும்.

வண்டியிலயே வெச்சு வெல்டு பண்ணாதீங்க. பல டிராக்டர்ல முன் ஆக்சிலைத் தாங்கற பிராக்கெட்டு வார்ப்பு இரும்பு, அதுல 6013 ராடு வெச்சா வெல்டுக்குப் பக்கத்துலயே கீறல் விட்டுரும், அதுல ஏற்கனவே வெயிட்டு மாட்டறதுக்கு ஓட்டை குடுத்திருப்பாங்க, 8 எம்எம் பிளேட்டுல அதே அளவுக்கு ஓட்டை போட்டு, பம்பரை அந்தப் பிளேட்டுல வெல்டு பண்ணி, போல்ட்டுல மாட்டிக்குங்க. எடம் பார்க்க வண்டியில வெச்சே டேக் போட்டுத்தான் ஆகணும்னா பேட்டரி மைனஸ் வயரைக் கழட்டிருங்க, எர்த் கிளாம்ப்பை வெல்டு போடற பைப்புலயே மாட்டுங்க, சக்கரத்துப் பக்கம் மாட்டுனா கரண்ட்டு பேரிங் வழியா போயி அதைத் தின்னுரும். 2023 ஜனவரிக்கு அப்புறம் வந்த 50 ஹெச்பிக்கு மேல உள்ள வண்டின்னா டிரெம் 4 (டிராக்டர் புகைக் கட்டுப்பாட்டு விதி), பெரும்பாலும் இசியூ (இன்ஜினை ஓட்டற கம்ப்யூட்டர்) வெச்சது, அதுல இந்த விளையாட்டே வேண்டாம். பேட்டரி பக்கத்துல கிரைண்டர் பொறி விழக் கூடாது, அதுல இருந்து வர்ற கேஸு வெடிக்கும்.

பொறின்னதும் ஞாபகம் வருது, தோப்புல வேலை செய்யறவங்க கீழ கெடக்கற மஞ்சியையும் காஞ்ச பன்னாடையையும் கூட்டித் தள்ளிட்டு ஆரம்பிங்க. நார்த்தூள்ல பொறி விழுந்தா அப்பவே எரியாது, உள்ளயே கனிஞ்சுகிட்டு நீங்க வீட்டுக்குப் போனப்புறம் புகையும். லுங்கியை மடிச்சுக் கட்டிட்டு உக்காராதீங்க, மடிப்புலதான் போயி விழும். ஆர்க்கை வெறும் கண்ணுல பார்த்தா ராத்திரி கண்ணுல மண்ணு போட்ட மாதிரி உறுத்தும், அதுக்கு உருளைக்கிழங்கு, தாய்ப்பால்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க, கண்ணு டாக்டர்கிட்ட போங்க.

குறைன்னு பார்த்தா, ஃபேன் பின்னாடி இருந்து காத்தை இழுக்குது, பக்கத்துல கிரைண்டர் ஓட்டினா இரும்புத்தூள் மொத்தமும் போர்டுல போயி உக்காரும், அதுலதான் இந்த மெஷினுங்க சாகறது. தள்ளி வையுங்க, மாசத்துக்கு ஒருக்கா புளோயர் புடிங்க. வாரன்டி ஒரு வருஷம்னு கார்டுல இருக்கு, சர்வீஸ் எங்கன்னு கேட்டா கம்பெனி நம்பருக்குப் போனே எடுக்க மாட்டேங்கறாங்க, கடைக்காரரு தானே பார்த்துக்கறேன்னு சொன்னதால விட்டேன். அதனால ஆன்லைன்ல ஐநூறு கம்மின்னாலும் பக்கத்துக் கடையில வாங்குங்க.

காருக்கு, ஜீப்புக்கு இதே மாதிரி அடிக்கலாமான்னு கேக்கறவங்களுக்கு, அடிக்காதீங்க. 2017 டிசம்பர்லயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலத்துக்கும் எழுதிருச்சு, இப்படி பம்பர் மாட்டறது மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி தப்பு, 2019 திருத்தத்துக்கு அப்புறம் அனுமதி இல்லாத மாத்தம் ஒவ்வொண்ணுக்கும் 5000 ரூபா அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலும் உண்டு. அதைவிட, காரோட முன்பக்கம் நசுங்கறதுக்குன்னே செஞ்சது, அங்க இரும்பு பைப்பைக் கட்டினா அடி நேரா உள்ள வரும், ஏர்பேக் சரியான நேரத்துல விரியாமயும் போகலாம், குறுக்க வர்ற ஆளுக்கு சொல்லவே வேண்டாம்.

ஒரே ஒரு பம்பருக்காக இந்த மெஷினை வாங்கறதுல அர்த்தம் இல்ல, கிரைண்டர், ஹெல்மெட், கேபிள், கிளாம்ப்புனு சேர்த்தா பத்தாயிரத்தைத் தாண்டிரும், பட்டறையில குடுத்துருங்க. தோட்டம் வெச்சு மாசத்துக்கு ஒரு இரும்பு வேலையாவது வர்றவங்க தாராளமா வாங்கலாம். கரண்ட்டு பில்லு எகிறுமான்னு வீட்டுல கேட்டாங்க, 90 ஆம்ப்ல ஆர்க் எரியற நேரம் மட்டும் கூட்டி ஒரு மணி நேரம் வந்தா ரெண்டரை யூனிட்டு பக்கம்தான் ஆகும், இந்த பம்பருக்கு அந்த அளவுகூட ஆகியிருக்காது. ஆனா மோட்டார் ரூம்ல இருக்கற விவசாய சர்வீஸ்ல இருந்து இழுத்துராதீங்க, அது பம்ப்செட்டுக்கு மட்டும் குடுத்த லைன், வீட்டு மீட்டர்ல இருந்தே எடுங்க.